குழலி கண்ணைக் கட்டிக்கொண்டு தேடிய வீடு

குழலி என்கிற குழல்வாய்மொழியின் அம்மாவுக்குக் கண் தெரியாது. ஆனால் பத்து வயது வரை அது குழலிக்கு நினைவிலேயே இருந்ததில்லை.

அம்மா மாரித்தாய் பிறந்தது ஆலங்குளத்தில். ஏழு வயதில் அம்மை போட்டுப் பார்வை போனதும் அங்கேதான். கல்யாணம் ஆகி வந்ததும் அதே ஊரில் இரண்டு தெரு தள்ளித்தான். அதனால் அந்த ஊர் முழுவதும் அம்மாவின் காலுக்கு மனப்பாடம். கிணற்றில் தண்ணீர் இறைத்து, குடத்தை இடுப்பில் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் வருவாள். கடையில் புளியை முகர்ந்து பார்த்து, பழைய புளி என்று திருப்பிக் கொடுப்பாள். தம்பி தளவாய் வெல்லப் பானைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாலே அடுப்படியிலிருந்து அதட்டல் வரும். ஐந்து வயது தளவாய், மற்றவர்களைவிட அம்மாவுக்கு ஒரு கண் கூடுதல் என்றே நம்பிக்கொண்டிருந்தான்.

1943ஆம் வருடம் ஜூன் மாதம் அப்பாவுக்குத் தென்காசிக்கு மாற்றல் வந்தது. அப்பா குற்றாலிங்கம் ஆசுபத்திரியில் கம்பவுண்டர். மருந்து கலக்கிக் கொடுப்பவர். தென்காசியில் அவருக்குத் தெரிந்த ஒருவர் வீடு பார்த்துக் கொடுத்தார். குற்றாலம் போகும் சாலையில், ஊரைத் தாண்டி ஒன்றரை மைல். நாலு அறை, பெரிய தோட்டம், வாசலில் ஒரு பலா மரம். மாடியில் நின்றால் மலையில் மேகம் இறங்குவது தெரியும்.

குழலிக்கு அந்த வீடு அரண்மனை மாதிரி இருந்தது. தளவாய் முதல் நாளே பலாப்பிஞ்சுகளை எண்ணி, எது யாருக்கு என்று பங்கு பிரித்துவிட்டான்.

வீடு எப்படி இருக்கிறது என்று அப்பா அம்மாவைக் கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் அம்மா.

காலையில் அப்பா இரண்டு பிள்ளைகளையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவார். சாயங்காலம் அவர்கள் நடந்து வருவார்கள். சாரல் காலம் தொடங்கியிருந்தது. அருவியில் குளிக்கப் போகிறவர்களின் வில்வண்டிகள் சாலையில் வரிசையாகப் போகும். அவ்வப்போது கரி பஸ் வரும். யுத்தத்தினால் பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய கரி அடுப்பைக் கட்டியிருப்பார்கள். மேட்டில் ஏறும்போது அது ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுக்கும்.

மூன்று வாரம் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்து, வராமல் போனதால் மதியமே விட்டுவிட்டார்கள். குழலியும் தளவாயும் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார்கள்.

கதவு திறந்து கிடந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது. அம்மா இல்லை.

குழலி அறை அறையாக ஓடினாள். தோட்டத்துக்குப் போனாள். பிறகு கிணற்றடிக்குப் போய்க் குனிந்து உள்ளே பார்த்தாள். தண்ணீரில் மழைத்துளிகள் மட்டும் வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்தன. தளவாய் அழ ஆரம்பித்தான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு சாலைக்கு ஓடினாள். ஊர்ப் பக்கமாகத்தான் அவர்கள் வந்தார்கள், அங்கே அம்மாவைப் பார்க்கவில்லை. அதனால் குற்றாலத்துப் பக்கம் ஓடினாள்.

அறுபது எழுபது அடி தூரத்தில் ஒரு மைல்கல் இருந்தது. அதை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு அம்மா குந்தியிருந்தாள். தலைமுடி, புடவை எல்லாம் நனைந்து ஒட்டியிருந்தன. அதே நேரம் கரி பஸ் வளைவில் திரும்பி, அவளை உரசுகிற மாதிரி போயிற்று. சேறு அவள் முகத்தில் அடித்தது. அம்மா முகத்தைத் துடைக்கவில்லை. கல்லை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

குழலி ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டாள்.

அம்மாவின் உடம்பு தூக்கிப் போட்டது. "யாரு?" என்றாள்.

குழலி அப்படியே நின்றுவிட்டாள். கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்தாலும் அவள் காலடிச் சத்தத்தைப் பிரித்துச் சொல்பவள் அம்மா. அப்படிப்பட்டவள் குழலியை யார் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"எம்மா, நான்தான்" என்றாள். இன்னொரு தடவை சொன்னாள்.

வீட்டுக்கு வந்து, உடை மாற்றி, அடுப்பைப் பற்றவைத்துச் சூடாக ஏதோ குடித்த பிறகுதான் அம்மா பேசினாள். காலையில் சாலையில் விறகு சுமந்து போகும் பெண்களின் பேச்சு கேட்டதாம். மூன்று வாரமாகப் பேச ஒரு ஆளில்லை. இரண்டு வார்த்தை பேசலாம் என்று வாசலைத் தாண்டிப் போனாளாம். கொஞ்ச தூரம் பின்னால் போவதற்குள் அவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள். திரும்பினால், மரங்களில் காற்று இரைந்த இரைச்சலில் எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. நாலு அடி போனதும் கல் இடித்தது. அதை விட்டால் வேறு எதுவும் கிடைக்காது என்று பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவ்வளவு வண்டிகள் போயினவே, யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றாள் குழலி.

"வீட்டுப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு என் வீடு எங்கன இருக்குன்னு எப்படிட்டி கேக்க? வெக்கமா இருந்துச்சு" என்றாள் அம்மா. பிறகு குழலியின் கையைப் பிடித்து, அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். இந்த வீடு கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

குழலி தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அம்மாவின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லை இறுக்கிப் பிடித்ததில் அது சிவந்திருந்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். கொடியில் கிடந்த சேற்றுப் புடவையைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்று அம்மா சொல்லத் தொடங்கினாள்.

"இல்லைப்பா" என்றாள் குழலி. நடந்ததை முழுவதும் சொன்னாள்.

அப்பா வாயில் வைத்த காப்பியை விழுங்க மறந்துவிட்டார். டம்ளரைக் கீழே வைத்தார். இவ்வளவு நாளும் பகலில் என்னதான் செய்தாய் என்று அம்மாவைக் கேட்டார்.

"அடுப்படி, கிணத்தடி, திரும்ப அடுப்படி" என்றாள் அம்மா. "ஆலங்குளத்துல எனக்குக் கண்ணு இருந்துச்சு. இங்கன இல்லை."

ஊருக்குள்ளேயே வேறு வீடு பார்ப்போம் என்றார் அப்பா. ஆசுபத்திரியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தப் பலா மரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் வீடு தேடக் கிளம்பினார்கள். மழையில் நனைந்ததில் அம்மாவுக்குக் காய்ச்சல். பால்கார அம்மாள் துணைக்கு இருந்தாள். அப்பா, குழலி, தளவாய் மூவரும் ஊருக்குள் போனார்கள்.

முதல் வீடு கோயில் பக்கத்து வீதியில் இருந்தது. அந்தக் காலத்தில் இடிந்து இரண்டாகப் பிளந்து நின்ற கோபுரம் வாசலிலிருந்தே தெரிந்தது. அப்பா ஓடுகளைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

"எப்பா, வீடு சரிதான். அம்மா வெளிய வந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்லா. உங்க துண்டைத் தாங்க" என்றாள் குழலி.

துண்டை மடித்துத் தன் கண்ணில் வைத்து, பின்னால் முடிச்சுப் போடச் சொன்னாள். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மெதுவாக முடிச்சுப் போட்டார்.

குழலி வீதியில் இறங்கி நடந்தாள்.

ஒரு நிமிடம் முன்பு பார்த்த வீதி அது. கண்ணைக் கட்டியதும் அது வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. வண்டிச் சக்கரங்கள் நாலு பக்கமும் உருண்டன. யாரோ கத்தினார்கள். எது தூரம், எது பக்கம் என்று தெரியவில்லை. ஐந்தாவது அடியில் ஒரு கூடையில் மோதினாள். ஒன்பதாவது அடியில் முகத்துக்கு நேராகச் சூடான காற்று ஊதியது. கையை நீட்டினாள். ஈரமான பெரிய மூக்கு ஒன்று கையில் பட்டது.

அலறிக்கொண்டு துண்டை அவிழ்த்தாள். ஜட்கா வண்டிக் குதிரை அவளைவிட அதிகமாகப் பயந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. நடுவீதியில் கண்ணாமூச்சி ஆடுகிற பெண்ணைப் பெற்றவர் யார் என்று வண்டிக்காரர் சுற்றிலும் தேடினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, நான்தான் என்றார்.

அந்த வீடு வேண்டாம் என்று முடிவாயிற்று.

இரண்டாவது வீடு புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தெருவில் இருந்தது. வண்டி இல்லை, கூட்டம் இல்லை. இதுதான் சரி என்று அப்பாவுக்கு நிம்மதி. இந்தத் தடவை முடிச்சுப் போடத் தனக்குத்தான் உரிமை என்று தளவாய் அடம் பிடித்தான். ஒன்றுக்கு மூன்று முடிச்சாகப் போட்டான்.

குழலி நடந்தாள். எந்தச் சத்தமும் இல்லை. அதனால் நேராகத்தான் போகிறோம் என்று நினைத்தாள். உண்மையில் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுமே இல்லை. தெருவே இல்லாமல் போய்விட்ட மாதிரி இருந்தது. அம்மாவுக்கு அந்த மைல்கல் பக்கத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்த நொடியில் அவளுடைய இடது கால் கீழே போயிற்று. தெரு ஓரத்து வாறுகாலில், முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில் நின்றாள்.

அப்பா ஓடிவந்து தூக்கினார். துண்டை அவிழ்க்கப் பார்த்தார். சாரலில் நனைந்து மூன்று முடிச்சும் இறுகிவிட்டன. பல்லால் இழுத்தும் வரவில்லை. தளவாய் தூர நின்றுகொண்டு, தான் கெட்டியாகப் போடத் தெரிந்தவன் என்று விளக்கினான்.

கால் நாறியது. கழுவத் தண்ணீர் வேண்டும். அப்பா குழலியின் கையைப் பிடித்துக்கொண்டு, ரயில் ஸ்டேஷன் போகும் வழியில், ஊர் முடியும் இடத்தில் இருந்த ஒரு சந்துக்குள் நுழைந்தார். மாட்டுவண்டி நுழையாதபடி அதன் வாயில் இரண்டு கல்தூண்கள் நட்டிருந்தன. முதல் வீட்டு வாசலில் ஹைருன் பீவி என்ற அம்மாள் அரிசி மாவு வறுத்துக்கொண்டிருந்தார். கண் கட்டிய பிள்ளையையும் சாக்கடைக் காலையும் பார்த்ததும் அவர் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது.

"பிள்ளைக்குக் கண்ணுல அடியா அண்ணாச்சி? கம்பவுண்டர்ட்ட காட்டுனியளா?" என்றார்.

நான்தான் கம்பவுண்டர் என்றார் அப்பா. அன்றைக்கு அவருக்கு எதைச் சொன்னாலும் வெட்கமாகவே இருந்தது.

ஹைருன் பீவி குழலியின் காலைக் கழுவிவிட்டு, முடிச்சை அறுக்கக் கத்தரிக்கோல் தேடி உள்ளே போனார். குழலி வாசலில் நின்றாள். மாவு வறுபடும் வாசனை வந்தது. வலது பக்கம் எங்கோ தறி ஓடும் சத்தம், டக் டக் என்று. அதற்கும் அப்பால் கிணற்று உருளை கிறீச்சிட்டது. தெருக்கோடியில் யாரோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

குழலி அசையாமல் கேட்டாள். பிறகு அப்பாவின் கையை விட்டாள்.

"எப்பா, என்னைப் பிடிக்காதீங்க. கூடவும் வராதீங்க."

தறியை நோக்கி நடந்தாள். சத்தம் பக்கத்தில் வந்து, காதைத் தாண்டிப் பின்னால் போயிற்று. கிணற்றடியில் கால் ஈரமாயிற்று. பாத்திரச் சத்தம் வரைக்கும் போனாள். அங்கே, பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற பரீது, யாருட்டி இது, சுவர் இருக்கு, நில் என்றார். குழலி திரும்பினாள். உருளை, தறி, மாவு வாசனை. ஹைருன் பீவியின் வாசற்படியில் கால் இடிக்கவும், அவர் கத்தரிக்கோலோடு வெளியே வரவும் சரியாக இருந்தது.

துண்டு அறுந்து விழுந்தபோது அப்பா திகைத்துப்போய் நின்றிருந்தார். இரண்டு வீட்டையும் ஓட்டிலும் சுவரிலும் தேடிக்கொண்டிருந்தவர், இப்போதுதான் ஒரு தெருவை முதன்முதலாகக் காதால் கேட்டார்.

இந்தத் தெருவில் வீடு காலி இருக்கிறதா என்று குழலியே விசாரித்தாள். தறிக்காரர் நல்லகண்ணுவின் பக்கத்து வீடு காலிதான், ஆனால் அவர் அதில் நூல் மூட்டை போட்டு வைத்திருக்கிறார் என்றார் ஹைருன் பீவி. நல்லகண்ணு தறியை விட்டு எழுந்து வந்து திறந்து காட்டினார். இரண்டே அறை. அப்பாவின் தலை வாசல் நிலையில் இடித்தது.

"அம்மாவுக்கு இடிக்காதுப்பா. அம்மா குட்டை" என்றான் தளவாய்.

ஆசுபத்திரிக்காரர் குடும்பம் இந்தச் சந்துக்கா வரும் என்று நல்லகண்ணுவுக்கு நம்பிக்கை இல்லை. அப்பா நெற்றியைத் தடவிக்கொண்டே, வருவோம் என்றார். தன் மனைவி வந்து நடந்து பார்த்துச் சரி என்று சொன்னால் உடனே வருவோம் என்றார்.

புதன்கிழமை மதியம் அப்பா லீவு போட்டு, பிள்ளைகளுக்கும் லீவு சொல்லி, அம்மாவை வண்டியில் கூட்டி வந்தார். கல்தூண் அருகே இறங்கினார்கள். அம்மா குழலியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை சந்தின் கடைசி வரை போய்வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்க எல்லாரும் வீட்டுல இருங்க. நான் மட்டும் போயிட்டு வருதேன்" என்றாள்.

அப்பாவும் பிள்ளைகளும் அந்தச் சின்ன வீட்டு வாசலில் நின்றார்கள். அம்மா தறியைக் கடந்து கல்தூண் வரை போனாள். திரும்பினாள். கிணற்றைத் தாண்டிக் கோடிவரை போனாள். திரும்பி வரத் தொடங்கினாள்.

அப்போது தறி நின்றது.

நல்லகண்ணு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். கிணற்றில் யாரும் இல்லை. பரீது தொழுகைக்குப் போயிருந்தார். ஹைருன் பீவி அன்றைக்கு மாவு வறுக்கவில்லை. சந்து சத்தமற்றுப் போயிற்று.

குழலி சோதித்துப் பார்த்தது சாயங்காலத்தில். மதியம் எப்படி இருக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

அம்மா நடுச்சந்தில் நின்றாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒரு கை மெல்ல முன்னால் நீண்டது. எதையாவது பிடிக்கத் தேடும் அந்தக் கையைக் குழலியால் பார்க்க முடியவில்லை. ஓடப் பார்த்தாள். அப்பாவும் ஒரு அடி எடுத்து வைத்தார்.

அம்மா கையைக் கீழே போட்டாள். தொண்டையைச் செருமினாள்.

"இங்கன யாராச்சும் இருக்கியளா? நல்லகண்ணு அண்ணாச்சிக்கு அடுத்த வீடு எந்தப் பக்கம்?"

மூன்று வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் பதில் வந்தது. ஹைருன் பீவி ஜன்னலிலிருந்து வலது பக்கம் என்றார். நல்லகண்ணு சோற்றுக் கையோடு வெளியே வந்து இடது பக்கம் என்றார். கிணற்றடி வீட்டுப் பெண் ஒருத்தி, நேராக வாங்க என்றாள். அவரவர் நின்ற இடத்துக்கு அவரவர் சொன்னது சரிதான்.

அம்மா ஒரு நொடி திகைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். தென்காசிக்கு வந்தபின் அவள் சிரித்தது அதுவே முதல் தடவை. "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. எனக்கு இருக்கது ரெண்டு கால்தான்" என்றாள்.

சந்தும் அவளோடு சேர்ந்து சிரித்தது. ஹைருன் பீவி இறங்கி வந்து, வீடு எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் உள்ளே வந்து உட்காருங்கள் என்று அவளை அழைத்துப் போனார்.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. அம்மா வரவில்லை. குரல் மட்டும் முதலில் ஹைருன் பீவி வீட்டிலும், பிறகு கிணற்றடியிலும், அப்புறம் தெருக்கோடியிலும் கேட்டது. அப்பா, குழலி, தளவாய் மூவரும் நூல் மூட்டைமேல் உட்கார்ந்து, நம்ப முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பேச்சு அவளுக்குள் எங்கே இருந்தது என்று அப்பாவுக்கு விளங்கவில்லை.

கடைசியில் காலடிச் சத்தம் வந்தது. யாரும் பிடிக்காமல், வாசற்படியில் சரியாகக் கால் வைத்து அம்மா உள்ளே வந்தாள். மடியில் ஒரு பிடி வறுத்த கடலை இருந்தது. அதைத் தளவாயிடம் கொடுத்துவிட்டு, எப்போது வீடு மாறுகிறோம் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றார் அப்பா.

"சனிக்கிழமையே வந்துருவோம்" என்றாள் அம்மா. "பரீது அண்ணாச்சி வீட்டு ஆடு குட்டி போடப் போவுது. ரெண்டு குட்டின்னு அவுக சொல்லுதாக. நான் தடவிப் பாத்தேன், மூணு இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரணும்."

யார் கூட்டிக்கொண்டு போவது என்று யாரும் கேட்கவில்லை.